பழைய காரும் புதிய கம்ப்ரசரும்

இயற்பியல், மூன்றாம் ஆண்டு மாணவன்

வெயிலுக்குப் பெயர் போன மாவட்டம் நம்முடையது. மேற்கே மலை நிமிர்ந்து நின்றாலும், சித்திரையிலும் வைகாசியிலும் இராஜபாளையத்துத் தார்ச்சாலையில் வெறுங்காலுடன் நடக்க எவராலும் இயலாது. அந்த நாட்களில் நம் வீடுகளில் மண்பானைக்கு ஒரு தனி மதிப்பு வந்துவிடும். பானையின் நுண்துளைகள் வழியே கசியும் நீர் ஆவியாகும்போது, தனக்கு வேண்டிய வெப்பத்தை உள்ளிருக்கும் நீரிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. அதனால் நீர் குளிர்கிறது. காய்ச்சல்காரரின் நெற்றியில் ஈரத்துணி போடுவதும் இதே தத்துவந்தான்.

குளிர்ச்சி என்று தனியாக ஒரு பொருள் உலகில் இல்லை. வெப்பம் ஓரிடத்தை விட்டு வேறிடம் போவதையே நாம் குளிர்ச்சி என்கிறோம். இந்த ஒரு வரியை மனத்தில் இருத்திக்கொண்டால், காரில் உள்ள குளிர்சாதனத்தின் கதை முழுவதும் எளிதில் விளங்கும். கல்லூரி விடுமுறை நாட்களில் இராஜபாளையத்தில் என் தாய்மாமா நடத்திவரும் வாகனக் குளிர்சாதனப் பட்டறையில் உடனிருந்து நான் கற்றவற்றை, வகுப்பில் படித்த வெப்ப இயற்பியலோடு சேர்த்து இக்கட்டுரையில் எழுதுகிறேன். கார் இல்லாதவர்க்கும் இது பயன்படும். வீட்டுக் குளிர்ப்பெட்டியும் திரையரங்கின் குளிர்சாதனமும் இதே முறையில் இயங்குபவைதாம்.

சிறிது வரலாறு

1755-ஆம் ஆண்டிலேயே ஸ்காட்லாந்து நாட்டு வில்லியம் கல்லன், ஈதரைக் குறைந்த அழுத்தத்தில் ஆவியாக்கிப் பனிக்கட்டி உண்டாக்கிக் காட்டினார். 1834-இல் ஜேகப் பெர்கின்ஸ், அவ்வாறு ஆவியான பொருளை மீண்டும் அமுக்கித் திரவமாக்கித் திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் எந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். இது நடந்த காலத்தில் நம் சென்னைக்குப் பனிக்கட்டி அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்துகொண்டிருந்தது. அதைச் சேமித்து வைக்க 1842-இல் கட்டப்பட்ட 'ஐஸ் அவுஸ்' கடற்கரையில் இன்று விவேகானந்தர் இல்லமாக நிற்கிறது.

காருக்குள் குளிர்சாதனம் நுழைந்தது 1939-இல். அமெரிக்காவின் பேக்கார்டு நிறுவனம் அதை முதலில் தன் கார்களில் வைத்து விற்றது. அந்த எந்திரம் சாமான் பெட்டியில் பாதியை அடைத்துக்கொண்டது. அதில் காந்தக் கிளட்ச் கிடையாது. குளிர் போதும் என்றால், காரை நிறுத்தி, முன்மூடியைத் திறந்து, கம்ப்ரசரின் பெல்ட்டைக் கையால் கழற்ற வேண்டும்! இன்று விரல் நுனியால் ஒரு பொத்தானை அழுத்தும் நாம், இடையில் எத்தனை பேருடைய உழைப்பு இருக்கிறது என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை.

நம் நாட்டில் 1983-இல் வெளிவந்த மாருதி 800, நடுத்தரக் குடும்பங்களுக்கும் கார் என்பதை எட்டச் செய்தது. குளிர்சாதனமும் அவர்களிடம் மெல்ல வந்து சேர்ந்தது. அந்தக் காரின் உற்பத்தி 2014-இல் நின்றுவிட்டது. ஆயினும் நம் இரு ஊர்களிலும் அது இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

நால்வர் செய்யும் வேலை

குளிர்சாதனத்தில் முதன்மையான உறுப்புகள் நான்கு. ஒரு மூடிய வட்டக் குழாயில் இவை வரிசையாக இணைக்கப்பட்டுள்ளன. உள்ளே சுற்றிவரும் பொருளைப் பட்டறைகளில் 'கேஸ்' என்பார்கள். இப்போது ஓடும் பழைய கார்களில் பெரும்பாலும் இருப்பது ஆர்-134ஏ என்ற பொருள். திறந்த வெளியில் வைத்தால் சுழிக்குக் கீழே 26 பாகை செல்சியஸிலேயே அது கொதித்துவிடும்.

முதலாவது கூலிங் காயில், அதாவது ஆவியாக்கி. இது பயணிகளுக்கு முன்னால், டேஷ்போர்டுக்குள் மறைந்திருக்கிறது. இங்கே ஆர்-134ஏ குறைந்த அழுத்தத்தில் கொதித்து ஆவியாகிறது. அதற்கு வேண்டிய உள்ளுறை வெப்பத்தைக் காருக்குள் இருக்கும் காற்றிலிருந்து எடுத்துக்கொள்கிறது. சுழிப் பாகையில் ஒரு கிலோ ஆர்-134ஏ ஆவியாக ஏறத்தாழ 200 கிலோ ஜூல் வெப்பம் வேண்டும்.

இரண்டாவது கம்ப்ரசர். குறைந்த அழுத்த ஆவியை உறிஞ்சி, அமுக்கி, மிகுந்த அழுத்தமும் சூடும் உள்ள ஆவியாக வெளியே தள்ளுகிறது. ஏன் அமுக்க வேண்டும்? காருக்குள் எடுத்த வெப்பத்தை வெளியே கொட்ட வேண்டும். வெளியிலோ 40 பாகை வெயில். வெப்பம் தானாகச் சூடு மிகுந்த இடத்திலிருந்து சூடு குறைந்த இடத்துக்குத்தான் போகும். ஆகவே நம் ஆவியை வெயிலைக் காட்டிலும் சூடாக்கினால்தான் அது வெளிக்காற்றுக்கு வெப்பம் கொடுக்கும். சுழிப் பாகையில் ஆர்-134ஏ ஆவியின் செறிவழுத்தம் ஏறத்தாழ 2.9 பார், 60 பாகையில் 16.8 பார். இந்த ஏற்றத்தை உண்டாக்குவதே கம்ப்ரசரின் தொழில்.

மூன்றாவது கண்டன்சர். ரேடியேட்டருக்கு முன்னால் நிற்கும் இதன் மீது காற்று வீசும்போது, சூடான ஆவி வெப்பத்தை இழந்து திரவமாகிறது. இதை அடுத்து டிரையர் என்ற சிறு குப்பி இருக்கும். அது ஈரத்தை உறிஞ்சும், தூசியை வடிகட்டும்.

நான்காவது எக்ஸ்பேன்ஷன் வால்வு. ஊசித்துளை போன்ற வழியில் திரவத்தை விட்டு அதன் அழுத்தத்தைத் திடீரென்று குறைக்கிறது. மீண்டும் அது கூலிங் காயிலில் கொதிக்கிறது. வட்டம் நிறைவுபெறுகிறது.

இந்த நான்கில் இடைவிடாது உராய்ந்து தேயும் பகுதிகள் கம்ப்ரசருக்குள்தான் இருக்கின்றன. அதற்கு உயிர் எண்ணெய். அந்த எண்ணெய் எஞ்சின் எண்ணெய்போல ஒரு தொட்டியில் தங்கியிருப்பதில்லை. கேஸோடு கலந்து குழாய்கள் முழுவதும் சுற்றி வந்துதான் கம்ப்ரசரை மீண்டும் அடைகிறது. ஆகவே வட்டத்தின் எந்த மூலையில் கெடுதல் நேர்ந்தாலும், இறுதியில் அடி வாங்குவது கம்ப்ரசரே.

பட்டறைக்கு வந்த கார்

இதை எனக்கு நன்கு விளங்கவைத்தது ஒரு கார். ஸ்ரீவில்லிபுத்தூரைச் சேர்ந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் அதை ஓட்டி வந்தார். 2004-ஆம் ஆண்டு மாருதி 800. அவருடைய துணைவியாருக்கு நுரையீரல் நோய். பதினைந்து நாட்களுக்கு ஒருமுறை மதுரைக்கு மருத்துவத்துக்குப் போக வேண்டும். கிருஷ்ணன்கோவில், கல்லுப்பட்டி, திருமங்கலம் வழியாக எழுபது எண்பது கிலோமீட்டர். கண்ணாடியைத் திறந்தால் தூசியும் புகையும் அந்த அம்மையாருக்கு ஆகாது. மூடினால் வெக்கையில் மூச்சுத் திணறும். ஆகவே அவர்களுக்குக் குளிர்சாதனம் ஆடம்பரம் அன்று. மருந்துச் சீட்டில் எழுதாத ஒரு மருந்து என்றே சொல்லலாம்.

கம்ப்ரசர் இறுகிப்போயிருந்தது. பொத்தானை அழுத்தினால் பெல்ட் கிரீச்சிட்டு ரப்பர் கருகும் நாற்றம் வந்தது. அதைவிட வருந்தத்தக்கது, அது நாற்பது நாட்களுக்கு முன்புதான் வெளியூர்ப் பட்டறை ஒன்றில் மாற்றப்பட்டது என்பது. முதல் கம்ப்ரசர் பல ஆண்டு உழைத்தது. அடுத்தது நாற்பது நாள். பெரியவர் தம் ஓய்வூதியத்தில் சிறுகச் சிறுகச் சேர்த்த பணம் அதில் போய்விட்டது. "இனி இதுல காசு போடலாமா, இல்ல காரையே வித்துரலாமா தம்பி?" என்று அவர் மாமாவிடம் கேட்டார். விற்றால் அந்த விலைக்கு வேறு கார் கிடைக்காது. பேருந்தில் அம்மையாரை அழைத்துச் செல்லவும் இயலாது.

மாமா உடனே விடை சொல்லவில்லை. "ஐயா, எப்பக் குளிரும், எப்பக் குளிராது? அத முதல்ல சொல்லுங்க" என்றார்.

"ரோட்டுல ஓடுறப்ப நல்லாத்தான் இருக்கும். மதுரைக்குள்ள நெரிசல்ல நின்னா அனலா அடிக்கும். முதல் கம்ப்ரசர் இருக்கும்போதே அப்படித்தான்" என்றார் அவர்.

மாமா என்னைத் திரும்பிப் பார்த்தார். "மருமகனே, நோயாளி வாயாலேயே நோயைச் சொல்லிட்டாரு. கம்ப்ரசரை விடு. முன்னாடி போய் மின்விசிறியப் பாரு" என்றார்.

காரணம் கண்ட விதம்

கார் ஓடும்போது எதிர்க்காற்றே கண்டன்சரைக் குளிர்விக்கும். நிற்கும்போது மின்விசிறிதான் அந்த வேலையைச் செய்ய வேண்டும். ஓட்டத்தில் குளிர்ந்து நிறுத்தத்தில் குளிராத காரில் முதலில் ஐயுற வேண்டியது கண்டன்சரின் காற்றோட்டத்தையே. பார்த்தோம். விசிறி சுழன்றது, ஆனால் சோம்பலாகச் சுழன்றது. உள்ளே கார்பன் பிரஷ் தேய்ந்திருந்தது. கண்டன்சரின் இதழ்களுக்கிடையே சாலைத் தூசியும் பஞ்சும் சேர்ந்து மெத்தைபோல் படிந்திருந்தன. நூற்பாலைகளும் பேண்டேஜ் துணித் தறிகளும் நிறைந்த வட்டாரத்தில் ஓடும் கார்களில் இதை அடிக்கடி காணலாம் என்று மாமா சொன்னார்.

அடுத்து மற்றொன்று அகப்பட்டது. குழாயில் அழுத்தம் அளவுக்கு மீறினால் கிளட்சுக்குப் போகும் மின்சாரத்தைத் துண்டிக்க ஒரு பிரஷர் சுவிட்ச் உண்டு. அந்தச் சுவிட்சின் இரு கம்பிகளையும் யாரோ முறுக்கி நேரே இணைத்திருந்தார்கள். நடந்தது இப்போது தெளிவாயிற்று. விசிறி தளர்ந்ததால் நெரிசலில் அழுத்தம் ஏறியது. சுவிட்ச் தன் கடமையைச் செய்து கம்ப்ரசரை அவ்வப்போது நிறுத்தியது. "அடிக்கடி நிற்கிறது" என்பதையே பழுதாகக் கருதிய எவரோ, சுவிட்சையே விலக்கிவிட்டார்கள். திருடன் வருகிறான் என்று குரைத்த நாயைக் கட்டிப்போட்டுவிட்டுத் தூங்கியது போன்ற கதைதான். தடுப்பார் இல்லாத அழுத்தத்தில் எண்ணெய் கருகியது. உலோகம் உலோகத்தோடு உரசியது. முதல் கம்ப்ரசர் இறுகியது. அதிலிருந்து உதிர்ந்த உலோகப் பொடி குழாய்களில் பரவியது. பொடியைக் கழுவாமலும் விசிறியைத் திருத்தாமலும் இரண்டாவதைப் பொருத்தினால், அது நாற்பது நாள் உழைத்ததே பெரிது.

இங்கே மாணவர்கள் கவனிக்க வேண்டிய பாடம் ஒன்று உண்டு. கம்ப்ரசர் கெட்டது என்று முடிவு கட்டுமுன் வேறு சிலவற்றையும் சோதிக்க வேண்டும். கிளட்சுக்கு 12 வோல்ட் வருகிறதா? அதன் சுருளில் தடை மூன்று நான்கு ஓம் அளவில் இருக்கிறதா, அறுந்துவிட்டதா? கிளட்ச் பேரிங் மட்டும் இரைகிறதா? பல நேரங்களில் கிளட்சோ ஒரு ரிலேயோ கெட்டிருக்க, நல்ல கம்ப்ரசரைத் தூக்கி எறிந்துவிடுகிறார்கள். எஞ்சின் ஓடாத நேரத்தில் கம்ப்ரசரின் தண்டைக் கையால் திருப்பிப் பார்த்தால் இறுக்கம் தெரிந்துவிடும். தண்டு தாராளமாகச் சுழன்றும் இரு பக்க அழுத்தமானிகளும் ஏறத்தாழ ஒரே அளவைக் காட்டினால், உள்ளே வால்வுகள் தேய்ந்து அமுக்கும் ஆற்றல் போய்விட்டது என்று கொள்ளலாம்.

கழற்றுதலும் கழுவுதலும்

முதல் வேலை, எஞ்சியிருக்கும் கேஸை மீட்பு எந்திரத்தின் வழியே ஒரு சிலிண்டரில் சேர்ப்பது. பிறகு பேட்டரியின் எதிர்முனையைக் கழற்றி, பெல்ட்டைத் தளர்த்தி, குழாய்களை அவிழ்த்து, அவிழ்த்த வாய்களை உடனே மூடிவிட வேண்டும். ஆர்-134ஏ அமைப்பில் பயன்படும் பேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தைத் தாகத்தோடு உறிஞ்சும். திறந்து போட்ட குழாய் மழையில் நனைந்த பஞ்சுபோல் ஆகிவிடும்.

பழைய கம்ப்ரசரிலிருந்து எண்ணெயை ஒரு வெள்ளைக் கிண்ணத்தில் வடித்தோம். கருத்த எண்ணெய் மிகுந்த சூட்டுக்குச் சான்று. அதில் வெள்ளிபோல் மின்னிய துகள்கள் அலுமினியத் தேய்மானத்துக்குச் சான்று. இரண்டும் இருந்தன. மருத்துவர்க்கு இரத்தப் பரிசோதனை எப்படியோ, இந்தத் தொழிலில் எண்ணெய்ப் பரிசோதனை அப்படி.

உலோகத் துகள் கண்டால் குழாய்களையும் கூலிங் காயிலையும் அதற்குரிய கழுவு திரவத்தால் கழுவி, உலர்ந்த நைட்ரஜன் வாயுவால் ஊதிச் சுத்தம் செய்ய வேண்டும். பெட்ரோலோ மண்ணெண்ணெயோ கூடாது. ஆக்சிஜன் சிலிண்டரை அறவே நெருங்கவிடக் கூடாது. அழுத்தத்தில் உள்ள ஆக்சிஜன் எண்ணெயைத் தொட்டால் வெடித்துவிடும். உயிர்ச் சேதம் நேரக்கூடிய இந்த எச்சரிக்கையைப் பட்டறைச் சுவரில் எழுதியே வைக்கலாம். நைட்ரஜனையும் ரெகுலேட்டர் இல்லாமல் திறக்கக் கூடாது.

டிரையரையும் எக்ஸ்பேன்ஷன் வால்வையும் கழுவிப் பயனில்லை. புதிதாகவே போட வேண்டும். கண்டன்சரில் ஒரே குழாய் வளைந்து வளைந்து போகும் பழைய வகையாயின் கழுவலாம். மெல்லிய பல கால்வாய்கள் இணையாக ஓடும் வகையாயின், ஒரு கால்வாய் அடைத்திருந்தாலும் திரவம் மற்றவற்றின் வழியே போய்விடும்; அடைப்பு அப்படியே நிற்கும். ஆற்றில் பாறை கிடந்தால் நீர் சுற்றிப்போவது போல. இந்தக் காரில் இருந்தது இரண்டாம் வகை. ஆகவே கண்டன்சரையும் மாற்றத்தான் வேண்டும் என்றார் மாமா.

பெரியவர் முகம் வாடியது. மாமா ஒரு தாளில் இரண்டு கணக்குகளை எழுதிக் காட்டினார். பழைய சாமான் கடையில் கிடைக்கும் கம்ப்ரசரைக் குறைந்த செலவில் மாற்றுவது ஒன்று. புதிய கம்ப்ரசர், கண்டன்சர், டிரையர், வால்வு, விசிறி மோட்டார் அனைத்தும் மாற்றுவது மற்றொன்று. "முதல் கணக்குல நீங்க திரும்ப வருவீங்க ஐயா. ரெண்டாவதுல அம்மாவோட மதுரைக்குப் போவீங்க" என்றார். பெரியவர் இரண்டாவதைத் தேர்ந்தார். பணத்தை மூன்று மாதத்தில் தரலாம் என்று மாமா ஒப்புக்கொண்டார்.

எண்ணெய்க் கணக்கு

புதிய கம்ப்ரசர் சில எண்ணெயோடு வரும். சில வெறுமையாக வரும். பெட்டியிலுள்ள தாளைப் படித்து அறிய வேண்டும். வட்டம் முழுவதையும் கழுவிவிட்டால், உற்பத்தியாளர் குறித்த மொத்த அளவு எண்ணெய் வேண்டும். கழுவாத அமைப்பாயின், பழைய கம்ப்ரசரிலிருந்து வடிந்த அளவை அளந்து, அதற்கேற்ப மட்டுமே ஊற்ற வேண்டும். குறைந்தால் கம்ப்ரசர் இறுகும். மிகுந்தால் கூலிங் காயிலின் உட்சுவரில் எண்ணெய்ப் படலம் படிந்து வெப்பம் கடப்பதைத் தடுக்கும். சமையலில் உப்புப் போலத்தான். கூடினாலும் கெடும், குறைந்தாலும் கெடும்.

ஓ-ரிங்குகள் அனைத்தையும் புதிதாக, எண்ணெய் தடவிப் போட்டோம். கிளட்ச் தட்டுக்கும் புல்லிக்கும் இடைவெளி ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் இருக்குமாறு ஃபீலர் கேஜால் பார்த்தோம். கம்ப்ரசரை மாட்டியபின் தண்டைக் கையால் பத்துப் பதினைந்து சுற்றுச் சுற்றினோம். பிஸ்டனுக்கு மேல் எண்ணெய் தேங்கியிருந்தால், முதல் ஓட்டத்திலேயே வால்வு உடைந்துவிடும். ஆவியை அமுக்கலாம், திரவத்தை அமுக்க இயலாது. பள்ளியில் படித்த இந்தப் பாடத்தை மறந்தால் ஒரு கம்ப்ரசர் விலை அபராதம்!

பிறகு நைட்ரஜனை நிரப்பி, மூட்டுகளில் சோப்பு நுரை தடவிக் கசிவு பார்த்தோம். குமிழி எழவில்லை.

வெற்றிடமும் கொதிநிலையும்

இனி வருவதுதான் நம் இயற்பியலுக்கு மிக நெருங்கிய பகுதி. குழாயில் உள்ள காற்றையும் ஈரத்தையும் வெற்றிடப் பம்பினால் வெளியேற்ற வேண்டும். ஈரம் தங்கினால் வால்வின் துளையில் உறைந்து அடைக்கும். நாளடைவில் எண்ணெயோடும் கேஸோடும் வினைபுரிந்து அமிலமாகி உலோகத்தை அரிக்கும்.

பம்பு காற்றை இழுக்கும். நீர்த்துளியை எப்படி இழுக்கும்? துளியாக இழுப்பதில்லை. கொதிக்கவைத்து ஆவியாக இழுக்கிறது. கொடைக்கானலில் அரிசி வேகத் தாமதமாவது ஏன் என்று நாம் அறிவோம். அங்கே காற்றழுத்தம் குறைவு. ஆகவே நீர் 100 பாகைக்கு முன்பே கொதிக்கிறது. அழுத்தத்தை மேலும் மேலும் குறைத்துக்கொண்டே போனால், அடுப்பே இல்லாமல் 30 பாகையிலும் நீர் கொதிக்கும். அதற்கு அழுத்தம் பாதரச அளவில் 32 மில்லிமீட்டருக்குக் கீழே இறங்க வேண்டும்.

கடல்மட்டத்தில் வளிமண்டல அழுத்தம் 760 மில்லிமீட்டர், அதாவது 29.92 அங்குலம். அழுத்தமானி 28 அங்குல வெற்றிடம் காட்டினால், உள்ளே எஞ்சியிருப்பது 1.92 அங்குலம், அதாவது 49 மில்லிமீட்டர். இந்த அழுத்தத்தில் நீர் கொதிக்க 38 பாகை வேண்டும். பட்டறையில் அன்று 30 பாகை என்றால் நீர் கொதிக்காது. முள் 28.7-ஐத் தாண்டினால்தான் கொதிக்கத் தொடங்கும். 'முள் இருபத்தெட்டுக்கு வந்துவிட்டது, போதும்' என்று நிறுத்துகிறவர் ஈரத்தை உள்ளேயே வைத்துப் பூட்டுகிறார். நம் ஊர்கள் கடல்மட்டத்துக்கு மேலே இருப்பதால் இங்கு வளிமண்டல அழுத்தமே சற்றுக் குறைவு. அதனால் அதே நிலைக்கு மானி காட்டும் எண்ணும் சற்றுக் குறையும். எனவே முள்ளை மட்டும் நம்பாமல், முள் அசையாது நின்ற பின்னும் பம்பை ஓடவிட வேண்டும். நாங்கள் முக்கால் மணி நேரம் ஓடவிட்டோம்.

பின்னர் பம்பை நிறுத்திக் காத்திருந்தோம். முள் நிற்காமல் இறங்கிக்கொண்டே போனால் கசிவு. சிறிது இறங்கி ஓரிடத்தில் நின்றால் உள்ளே இன்னும் ஈரம் ஆவியாகிறது என்று பொருள். முள் அசையவில்லை. மூன்றாண்டுகள் ஆய்வுக்கூடத்தில் பாதரசத்தையும் பாரமானியையும் பார்த்தவன் நான். அந்தப் படிப்பு ஒரு வீட்டாரின் கவலையைத் தீர்க்க உதவும் என்பதை அந்த அரைமணி நேரத்தில்தான் உணர்ந்தேன்.

எடை போட்டு ஏற்றுதல்

கேஸ் ஏற்றுவதைப் பலர் அழுத்தமானியைப் பார்த்தே செய்கிறார்கள். அழுத்தம் வெயிலுக்குத் தக்கபடி மாறும், எடை மாறாது. முன்மூடியின் உட்புறம் ஒட்டியுள்ள தகட்டில் எத்தனை கிராம் என்று எழுதியிருக்கும். சிலிண்டரைத் தராசில் வைத்து அந்த அளவே ஏற்ற வேண்டும். மிகுதியாக ஏற்றினால் குளிர் கூடும் என்பது தவறான நம்பிக்கை; அழுத்தந்தான் கூடும். சமையல் கேஸ் போன்ற எரியும் வாயுக்களை மலிவுக்காகக் கலப்பது பெருந்தீங்கு. கூலிங் காயில் இருப்பது பயணிகளின் காலடியில் என்பதை மறக்கலாகாது.

எல்லாம் முடிந்ததும் மாமா காரை ஓட்டிப் பார்க்கவில்லை. நண்பகல் வெயிலில் நிறுத்தி, எஞ்சினை ஓடவிட்டு, அரைமணி நேரம் அப்படியே வைத்தார். அது கெட்டது நின்ற நிலையில்தானே? சோதனையும் அந்த நிலையிலேயே நடக்க வேண்டும். புதிய விசிறி சீறியது. பிரஷர் சுவிட்ச் தன் இடத்தில் முறையாக இணைக்கப்பட்டிருந்தது. காற்று வரும் வாயில் வெப்பமானி ஒன்பது பாகை காட்டியது. அதன் பிறகு இரண்டு கோடைகள் போய்விட்டன. அந்த அம்மையார் இன்றும் அதே காரில்தான் மதுரைக்குப் போய் வருகிறார்.

காற்றில் விடலாமா?

கழற்றும் முன் கேஸை மீட்பு எந்திரத்தில் சேர்க்க வேண்டும் என்றேன். ஒரு கல்லால் வால்வை அழுத்தி 'உஸ்' என்று விட்டால் ஒரு நிமிடத்தில் முடிகிற வேலைக்கு எந்திரம் எதற்கு என்று கேட்பவர் உண்டு. விடை வரலாற்றில் இருக்கிறது.

முன்பு கார்களில் இருந்தது ஆர்-12. எரியாது, நஞ்சில்லை என்று உலகமே கொண்டாடிய பொருள். 1974-இல் மொலினா, ரோலண்டு என்ற இரு வேதியியலார், அதிலுள்ள குளோரின் வானின் உயரத்தில் ஓசோன் படலத்தை அழிக்கும் என்று காட்டினார்கள். 1985-இல் அண்டார்க்டிகாவின் மேல் அந்தப் படலம் மெலிந்திருப்பதைப் பிரிட்டன் நாட்டு ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். 1987-இல் மாண்ட்ரீல் உடன்படிக்கை உருவானது. இந்தியா 1992-இல் அதில் சேர்ந்தது. வளரும் நாடுகளும் 2010-க்குள் ஆர்-12 போன்றவற்றை விட்டுவிட வேண்டும் என்பது ஏற்பாடு. அந்த முயற்சி வீண்போகவில்லை. ஓசோன் படலம் மெல்லத் தேறிவருவதாக அறிவியலார் கூறுகின்றனர். மொலினா, ரோலண்டு இருவருக்கும் குருட்சன் என்பவரோடு 1995-இல் நோபல் பரிசு கிடைத்தது.

மாற்றாக வந்த ஆர்-134ஏயில் குளோரின் இல்லை. ஓசோனுக்குத் தீங்கில்லை. ஆனால் பூமியைச் சூடாக்குவதில் அது கரியமில வாயுவைப்போல் ஆயிரத்து முந்நூறு மடங்குக்கும் குறையாத வலிமையுடையது. ஒரு சிறு காரின் அரைக்கிலோ கேஸைக் காற்றில் விடுவது, ஏறத்தாழ 300 லிட்டர் பெட்ரோலை எரித்த புகைக்குச் சமம்! காரைக் குளிர்விக்கப் போய் ஊரைச் சூடாக்குவது என்ன நியாயம்? இத்தகைய பொருள்களையும் படிப்படியாகக் குறைக்க 2016-இல் கிகாலி நகரில் உலக நாடுகள் ஒப்பின. இந்தியா 2021-இல் அதை ஏற்றுக்கொண்டது.

மீட்பு எந்திரத்தின் விலை சிறு பட்டறைக்குப் பாரந்தான். ஆயினும் இரு ஊர்ப் பட்டறையாளர்கள் நால்வர் ஐவர் கூடி ஒன்றை வாங்கி முறைவைத்துப் பயன்படுத்தலாம். மேற்கே நாம் காணும் மலை இன்று திருவில்லிபுத்தூர் மேகமலைப் புலிகள் காப்பகம். அதன் பசுமையும் அங்கிருந்து வரும் தண்ணீரும் நமக்கு வேண்டுமானால், பட்டறை மூலையில் ஒரு வால்வைத் திறக்கும் கைக்கும் பொறுப்பு உண்டு.

நிறைவாக

நண்பர்களே! பழுது நீக்குவது என்பது கெட்ட உறுப்பை எடுத்துவிட்டு நல்ல உறுப்பை வைப்பதோடு முடிவதில்லை. அது ஏன் கெட்டது என்ற வினாவுக்கு விடை காணாத வரையில், புதிய உறுப்பும் பழைய உறுப்பின் வழியே போகும். பாதுகாப்புக்கென்று வைத்த ஒன்று நமக்குத் தொல்லையாகத் தோன்றும்போது, அதை விலக்குமுன் அது என்ன சொல்ல வருகிறது என்று கேட்க வேண்டும். இவ்விரண்டும் காருக்கு மட்டும் உரிய விதிகள் அல்ல.

என் மாமா எட்டாம் வகுப்புக்கு மேல் படித்தவர் அல்லர். உள்ளுறை வெப்பம், செறிவழுத்தம் என்ற சொற்கள் அவருக்குத் தெரியா. ஆனால் அவற்றின் பொருள் அவர் விரல்களுக்குத் தெரியும். நமக்குச் சொற்கள் தெரியும். சொல்லும் விரலும் ஒன்றுசேரும் நாளில், நம் ஊர்ப் பட்டறைகளே நம் கல்லூரிக்கு இன்னோர் ஆய்வுக்கூடம் ஆகும். வரும் விடுமுறையில் உங்கள் தெருவில் உள்ள ஒரு பட்டறைக்குப் போய் ஒரு நாள் நின்று பாருங்கள். நாம் பாடநூலில் கோடிட்டுப் படித்த பல வரிகள் அங்கே கைகளில் நடந்துகொண்டிருப்பதைக் காண்பீர்கள்.